இலையின் அடிப்பக்கம்

எக்ஸ்ரே அக்கா புதன்கிழமை காலை எடுத்த அச்சில், இலை நரம்புகளுக்கு நடுவே ஆறு பேர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்தாவது ஆள் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மையில் ஏதோ தூசு என்று நினைத்து அவள் தகட்டைத் துடைத்துவிட்டு, அதே மரத்தின் வேறோர் இலையை வைத்து மறுபடி எடுத்தாள். இந்த முறை பஸ் வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எலும்புகளைப் படம்பிடிப்பவள் என்பதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. வேலை இல்லாத நேரத்தில் பின்னறையில் இலையும் பூவும் அச்செடுப்பாள். ஜெலட்டினைக் காய்ச்சித் தட்டில் உறைய வைத்தால் கன்றுக்குட்டியின் மூக்குபோல மெத்தென்று ஒரு தகடு கிடைக்கும். அதன்மேல் உருளையால் மை பூசி, இலையை நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கவைத்து, தாளைப் போட்டு உள்ளங்கையால் நீவ வேண்டும். முதல் தாளில் இலை வெறும் வெள்ளை ஓட்டையாக விழும். இலையை எடுத்துவிட்டு இரண்டாவது தாளைப் போட்டால்தான் நரம்பு நரம்பாக வரும். ஆட்களும் அந்த இரண்டாவது தாளில்தான் வந்தார்கள். நரம்பு புடைத்த அடிப்பக்கம் மரத்தில் இருக்கும்வரை தரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, உதிரும் முன் கடைசியாகப் பார்த்ததை விடாமல் வைத்துக்கொள்கிறது என்று அவளே இரண்டு நாள் யோசித்து முடிவுக்கு வந்தாள். பூக்களிடமிருந்து துப்பு எதுவும் கிடைக்கவில்லை. மேலே பார்த்தே பழகியவை. தேனீக்களின் வயிறு மட்டும் விழுந்தது.

விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது. தன் கடைச் சுவரை நாறடிப்பது யார் என்று அறிய மருந்துக்கடைக்காரர் ஓர் இலை கொண்டுவந்தார். சொந்த மைத்துனர்தான் என்று தெரிந்ததும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மழை வருமா என்று கேட்டுவிட்டுப் போனார். மாதக் கடைசிக்குள் பூங்காவின் மரத்தடி ஜோடிகள் மழையும் வெயிலும் இல்லாத நாளிலும் குடை விரித்து உட்காரத் தொடங்கினார்கள். குடைக்கடைக்காரர் அக்காவைக் கண்டால் எழுந்து நின்றார்.

மாடியில் குடியிருந்த நாத்தனார் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே பேச்செடுத்தாள்.

“அண்ணி, அண்ணன் தினம் லேட்டாதானே வர்றாரு?”

“லிஃப்ட் மெக்கானிக்னா அப்படித்தான். எங்கயாவது லிஃப்ட் மாட்டிக்கும்.”

“லிஃப்டா மாட்டிக்குது? லைப்ரரிக்குப் பின்னாடி வாதாம் மரத்தடில ரெண்டு தடவ பாத்தேன். பக்கத்துல யாரோ இருந்த மாதிரி இருந்துச்சு. மாதிரிதான். நான் ஒண்ணும் சொல்லல.”

“சொல்லிட்டுத்தானே நிக்கிற.”

கணவன் நாற்பது நிமிடம் தாமதமாக வருவது ஒன்பது வருடப் பழக்கம். எந்த லிஃப்ட் என்று கேட்டால் ஏதாவது ஒரு மாடியைச் சொல்வான். அவளும் அதை நம்பினாள் என்பதைவிட, நம்புவது வசதியாக இருந்தது என்பதே சரி. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் அந்த மரத்தடியில் உதிர்ந்து கிடந்த இலையை எடுத்து வந்தாள். வாதாம் இலை அவள் தகட்டைவிடப் பெரியது. நடு நரம்போடு கத்தரித்து இரண்டு பாதியாகத்தான் அச்செடுக்க முடியும். இடப் பாதியில் பெஞ்சின் ஒரு முனையும் அதில் அவள் கணவனும் விழுந்தார்கள். பெஞ்சின் மறுமுனை வலப் பாதியில் இருந்தது. அதை ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஒரு பகல் முழுக்க அடுத்தவர்களின் விலா எலும்புகளைப் படம்பிடித்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டாள். கோபத்திலும் வாக்கியங்கள் அழகாக வந்தது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மாலையில் வலப் பாதியை அச்செடுத்தாள். பெஞ்சின் மறுமுனையில் கருவிப்பை இருந்தது. பையருகே கழற்றிவைத்த ஷூ, ஷூவுக்குள் சுருட்டிய காலுறை. வேறு யாருமில்லை.

அவள் நம்பவில்லை. இரண்டு மாதத்தில் பதினேழு இலைகளை அச்செடுத்தாள். பதினேழிலும் அவன் தனியாகவே இருந்தான். பேப்பர் படிக்கவில்லை, போன் பார்க்கவில்லை. முகத்தில் களைப்பு இல்லை, சந்தோஷமும் இல்லை. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத முகம். கூட வாழ்ந்த இத்தனை வருடத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இன்னொருத்தி இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். காலி பெஞ்சோடு என்ன பேசுவது? தன்னிடமிருந்துதான் ஒளிந்துகொள்கிறானோ என்ற எண்ணம் பல் வலிபோல இருந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் ஒரு மாலை பின்னறைக் கதவை அவன் தட்டினான். “கையெல்லாம் மை, திறக்க முடியாது” என்று வழக்கம்போல உள்ளிருந்து சொன்னாள். சொன்ன பிறகு கையைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. எத்தனை வருடமாக இப்படிச் சுத்தமான கையோடு அதைச் சொல்லிவருகிறாள் என்று அவளால் கணக்கிட முடியவில்லை.

கதவைத் திறந்து பதினேழு படங்களையும் அவன்முன் பரப்பினாள். அவன் ஒவ்வொன்றாக எடுத்து, பழுதான லிஃப்டின் வரைபடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“எல்லாத்துலயும் நான் மட்டும்தானே இருக்கேன்.”

“அதான் கேக்கறேன்.”

“உனக்கு இந்த ரூம் இருக்கு. எனக்கு அந்த பெஞ்ச்.”

“யாராவது கூட இருந்திருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.”

“தெரிஞ்சிருந்தா யாரையாவது கூட்டிட்டுப் போயிருப்பேனே.”

அவள் சிரிக்கவில்லை. அவன் படங்களை அடுக்கி அவளிடமே கொடுத்தான். சில நாட்கள் அவன் நேரத்துக்கு வந்துவிட்டான். உடம்பு சரியில்லாதவன் நடமாடுவதுபோல வீட்டில் நடமாடினான். அந்த நாட்களில் அவளுக்கும் எந்த அச்சும் சரியாக விழவில்லை. பிறகு ஒருநாள் சாப்பாடு பரிமாறும்போது, நாளைக்கு பெஞ்சுக்குப் போங்க என்று அவளே சொன்னாள். அடுத்த சில வாரங்கள் பழையபடி நாற்பது நிமிடம் தாமதித்தே வந்தான், எந்த மாடியையும் சொல்லாமல்.

மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை மாலை, இரண்டு பேருக்கும் விடுமுறை. அவன் பெஞ்சுக்குக் கிளம்பும்போது, நானும் வரட்டுமா என்று கேட்டாள். கேட்டதுமே, கேட்டிருக்க வேண்டாமோ என்றிருந்தது. அவன் போய்க் கைகழுவி, விரலிடுக்கெல்லாம் நிதானமாகத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“வா. ஆனா பேசக் கூடாது.”

ஊர் வழக்கப்படி அவள் கதவுக்குப் பின்னாலிருந்த குடையை எடுத்தாள்.

“அது எதுக்கு?”

“மரம் பாக்குமே.”

“பாத்தா பாத்துட்டுப் போகட்டும்.”

அவள் குடையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.