நல்லா யோசிச்சுச் சொல்லு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. ஐந்து வயது மகள், படுத்த ஒன்றரை மணி நேரத்தில், சொல்லிவைத்தாற்போல எழுந்து உட்கார்ந்து வீறிட்டுக் கத்துகிறாள். கண் திறந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை. பெற்ற தகப்பன் தூக்கினாலும் திமிறுகிறாள், உதைக்கிறாள். பத்து நிமிடம் ஆட்டம் போட்டுவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் சுருண்டு தூங்கிவிடுகிறாள். அதன் பிறகு கொட்டக் கொட்ட விழித்திருப்பது அவனும் மனைவியும்தான்.

மனைவி நர்ஸ். பிள்ளைக்காக ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, இப்போதுதான் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வரும் திங்கட்கிழமையிலிருந்து இரவுப் பணி. "இவ இப்படிக் கத்தும்போது விட்டுட்டு எப்படிப் போறது? வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்" என்று அவள் ஆரம்பித்ததும், இவன் வீறாப்பாகச் சொல்லிவிட்டான். "திங்கட்கிழமைக்குள்ள சரி பண்ணிக் காட்டறேன்."

குழந்தைகள் டாக்டர் ஏற்கெனவே தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "இந்த வயசுல சில பிள்ளைங்களுக்கு வர்றதுதான். எழுப்பாதீங்க. கீழ விழுந்துடாம பக்கத்துல இருங்க, போதும். காலைல அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. வளர வளர நின்னுடும்." கிளினிக் வாசல் வரை வாயை மூடிக்கொண்டு வந்த இவன், தெருவில் கால் வைத்ததும் மனைவியிடம் பொரிந்து தள்ளினான். "லிஃப்ட் நின்னுபோச்சுன்னு கூப்பிடறவங்ககிட்ட, தானா சரியாயிடும், பக்கத்துல நில்லுங்கன்னு நான் சொன்னா சும்மா விடுவாங்களா? தோலை உரிச்சிடுவாங்க."

அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்க வேண்டும். எந்த மாடியில் நின்றது, சத்தம் முதலில் வந்ததா குலுக்கல் முதலில் வந்ததா, விளக்கு அணைந்ததா. தெரியாது என்பவருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்கும், குடைந்தால் வரும் என்பது அவனுடைய இருபது வருட அனுபவம். பிறகு சந்தேகப்பட்ட பாகத்தை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். மகளை இரவில் உலுக்கிக் கேட்டுப் பார்த்தான், இன்னும் அதிகமாகத்தான் கத்தினாள். அதனால் தினமும் காலையில், பால் தம்ளரைக் கையில் கொடுத்து நாற்காலியில் ஏற்றி விசாரணை.

"நேத்து என்ன தெரிஞ்சுது? நல்லா யோசிச்சுச் சொல்லு."

செவ்வாய்க்கிழமை, பீரோ என்றாள். பீரோ என்ன செய்தது என்று கேட்டதற்கு, முறைத்தது என்றாள். ஆளுயர இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக, இடுப்பு ஒடியக் கூடத்துக்குத் தள்ளினான். அன்றும் கத்தினாள். புதன்கிழமை மின்விசிறி. கழற்றினான், மூன்று பேரும் வியர்வையில் ஊறினார்கள். வியாழக்கிழமை திரைச்சீலை. வெள்ளிக்கிழமை யானைப் படம், அவளே அடம்பிடித்துச் சுவரில் ஒட்டவைத்தது. சுரண்டியதில் சுவரின் பூச்சும் சேர்ந்து வந்தது. சனிக்கிழமை கட்டில். கூடத்தில் கால் வைக்க இடமில்லை, சமையலறைக்கு ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. கத்தல் மட்டும் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

"குழந்தை எதையோ சொல்லுதுன்னா, நீங்களும் அது கூடச் சேர்ந்து ஆடறீங்களே" என்றாள் மனைவி.

"பின்ன, கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா?"

அன்றே அவள் வேலையை விடும் கடிதத்தை எழுதி, அவன் கண்ணில் படும்படி அலமாரியில் வைத்தாள். அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல் கேட்டான். மகள் திறந்திருந்த கதவு வழியாகத் தன் அறையைப் பார்த்தாள். ஒரு பாய், இரண்டு தலையணை, நாலு சுவர். வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்கதாம்பா வந்தீங்க."

"நானா? நான் என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அப்போ பீரோ முறைச்சுதுன்னியே?"

"நீங்க கேட்டீங்கல்ல, அதான்."

"ஃபேன்?"

"அதுவும்தான்."

"தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானம்மா?"

"மொத நாளே சொன்னேன்பா. நல்லா யோசின்னு சொன்னீங்க."

அவனுக்குக் கோபம் வந்தது, அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பால் ஆறி ஆடை கட்டும்வரை அவள் உட்கார்ந்து யோசித்ததெல்லாம் இவன் முகம் கோணாமல் இருப்பதற்காகத்தான். வெட்கமாக இருந்தது. அறைக்குள் போய் வெறும் பாயில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை மாலை மனைவி சீருடையோடு வாசலில் நின்றாள், கையில் கடிதம்.

"என்ன பண்ணட்டும்?"

"கிழிச்சுப் போட்டுட்டு வேலைக்குப் போ."

"சரி பண்ணிட்டீங்களா?"

"இல்ல" என்றான்.

அவள் கடிதத்தை இரண்டாகக் கிழித்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதரை மணிக்கு மகள் எழுந்து கத்தினாள். அவன் தொடவில்லை, கேட்கவில்லை. துறுதுறுத்த கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பதினொரு நிமிடம். இருபது வருடத்தில் இவ்வளவு கடினமான வேலை அவன் பார்த்ததில்லை.

காலையில் மகள் தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவன் பாலை நீட்டியதும் அவள் முகம் சுருங்கியது.

"இன்னிக்கு நான் இன்னும் யோசிக்கலப்பா."

"யோசிக்க வேண்டாம். பாலைக் குடி."

நம்பாமல், அவனையே பார்த்துக்கொண்டு குடித்தாள்.