அடுப்படியிலிருந்து அடித்த காற்று

கடலில் காற்று அடியோடு நின்றுபோன வருடத்தில், தீவுகளுக்கிடையே ஓடிய ஒரே பாய்மரப் படகு அதன் சமையல்காரியின் கோபத்தில் ஓடியது. மற்றப் பாய்மரப் படகுகளெல்லாம் துறையில் பாசி பிடித்துக் கிடந்தன. இதற்கும் அந்தக் கதிதான் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதன் கேப்டன், அதாவது அவளுடைய அண்ணன், எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டு, சுற்றுலாப் பயணிகளின் பீருக்காக அந்த இடத்தில் குளிர்பெட்டி வைத்த மகா புத்திசாலி.

விஷயத்தைக் கண்டுபிடித்ததும் அவன்தான். படகு நடுக்கடலில் அசையாமல் நின்ற முதல் நாள், அந்த எரிச்சலில், மீன் கருகிவிட்டதென்று தங்கைமேல் எரிந்து விழுந்தான். "நீ வந்து வாசலை அடைச்சுட்டு நின்னு பேசினா கருகாம என்ன செய்யும்?" என்று அவள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். பாய் படபடத்து உப்பியது. அவள் திட்டி முடிக்கும்வரை படகு ஓடியது, முடித்ததும் நின்றது. கேப்டன் பாயைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், மறுபடியும் மீனைக் குறை சொன்னான்.

அதிலிருந்து அவளைச் சீண்டுவதே படகோட்டும் முறையாயிற்று. பக்கத்துத் தீவுக்குப் போக, உப்பு போதவில்லை என்றால் போதும். தூரத்துத் தீவென்றால் அவள் புருஷன் விட்டுப்போன கதையை எடுக்க வேண்டும். பயணிகளும் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். நீந்திவிட்டு ஈரக்காலோடு அடுப்படிக்குள் நடந்தார்கள், கழுவி வைத்த தட்டில் சிகரெட்டை அணைத்தார்கள், பிறகு மேல்தளத்தில் சாய்ந்து சுகமாகக் காற்று வாங்கினார்கள். அவள் வயிறு எரிந்தது ஒருவனுக்கும் உறைக்கவில்லை. ஒருமுறை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்தாள். குடிதண்ணீர் தீர்ந்து பயணிகளின் குழந்தைகள் அழுதன. அண்ணன் இந்த நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டானே என்று அவளுக்குக் கோபம் வந்து, படகு கிளம்பிவிட்டது.

அவள் கேட்டதெல்லாம் சுக்கான் ஒன்றுதான். அப்பா இருந்தவரை அதை அவள் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். அவர் கண்ணை மூடியதும், "பொம்பளை ஓட்டினா எவன் ஏறுவான்?" என்று அண்ணன் அவளை அடுப்படிக்குள் தள்ளினான்.

அந்தப் பருவத்தின் கடைசிப் பயணத்தில் எதுவும் எடுபடவில்லை. உப்பும் புருஷனும் அவளுக்குப் பழகிப்போயிருந்தன. கேப்டன் பயணிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னான்: "சாகும்போது அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'அவ கையில சுக்கானைக் குடுத்துடாதே, எல்லாரையும் கவுத்துடுவா'ன்னார்."

படகு எகிறியது. மேசைமேலிருந்த கண்ணாடி டம்ளர்கள் விழுந்து உடைந்தன. மாலையில் வரவேண்டிய தீவு மதியத்துக்கு முன்பே வந்து நின்றது. நங்கூரம் போட்டுவிட்டு அண்ணன் அடுப்படிக்கு வந்தபோது அவள் பாத்திரங்களுக்கு நடுவே அழுதுகொண்டிருந்தாள். அவனுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

"அட, கண்ணைத் துடை. அப்பா அப்படியெல்லாம் சொல்லல. பாய் நிறையணுமேன்னு நானா விட்ட கதை. உன்கிட்டதான் சுக்கானைக் குடுக்கச் சொன்னார், போதுமா?" என்று சிரித்தான்.

அவள் சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு மேலே ஏறினாள். நங்கூரம் தானாகவே எழும்பி வந்து தளத்தில் படுத்தது. பாய் படபடக்காமல், கிழிந்துவிடுமோ என்று பயப்படும்படி விம்மி நின்றது. அவள் சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் ஓடிவந்து அதைப் பிடுங்கப் பார்த்தான். அது இம்மியும் நகரவில்லை.

"ஏய், என்ன பண்றே?"

"கீழ போ அண்ணா. சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

போனான். வேறு வழி?

மறுவருடம் காற்று திரும்பி வந்தது. மற்றப் படகுகள் காற்று போன திசையில் போயின, அவளுடையது அதற்கு எதிராகவும் போனது. ஏறுவதற்கு ஆளில்லாமல் ஒரு பயணமும் நிற்கவில்லை. ஒருநாள் அண்ணன் அவளுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் நின்று, நிஜமாகவே மன்னிப்புக் கேட்டான். அவள் குடித்து முடித்துவிட்டு, "சரி, விடு" என்றாள். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பாய் துளியும் தளரவில்லை. அவன் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.