அடுப்பு இருந்த இடம்

எழிலரசிக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். விஷயம் தெரியாதவர்கள் அவளைச் சாது என்பார்கள். புருஷன் இனியவனுக்கு விஷயம் நன்றாகவே தெரியும். தெரிந்தும் அந்தக் காலையில் காரின் முன்சீட்டில், தன் அக்கா புருஷன் டில்லிபாபுவுக்குப் பக்கத்தில், பெல்ட்டை மாட்டிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான். டில்லிபாபு ஓட்டினார். பின்சீட்டில் எழிலரசி. அவள் காலடியில் கேஸ் அடுப்பு.

நேபாளத்துக்குப் புறப்பட்டாயிற்று. படப்பையிலிருந்து காத்மாண்டு வரைக்கும், ரோட்டு வழியாகவே.

யோசனை எழிலரசியுடையது. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் அவள் யார்டு டிரைவர். லைனிலிருந்து புதிதாக இறங்கும் வண்டியை எடுத்துக்கொண்டு போய், கப்பலேறப் போகும் வரிசையில் நிறுத்திவிட்டு வர வேண்டும். அவள் கைபட்ட வண்டிகள் எந்தெந்த நாட்டிலோ ஓடிக்கொண்டிருக்கின்றன. அவளுக்கு மட்டும் இரண்டாவது கியருக்கு மேல் வேலை கிடையாது. மதில் வந்தால் திரும்பிவிட வேண்டும். சேர்ந்த நாளிலிருந்து இதே கதைதான்.

கூட வேலை செய்யும் சசிகலா குடும்பத்தோடு பாங்காக்குக்கு விமானத்தில் போய்வந்து, ஷிஃப்டு பஸ்ஸில் எல்லோருக்கும் போட்டோ காட்டினாள். "நீயும் ஒரு தபா போய்ட்டு வாயேன்டி" என்றாள்.

"ஃபிளைட்ல ஏறினா வேற யாரோதானே ஓட்டுவாங்க" என்றாள் எழிலரசி. "நானே ஓட்டினு போவணும். இன்னொரு நாட்டுக்கு."

சசிகலா சிரித்தாள். இனியவன் சிரிக்கவில்லை. அங்கேதான் எழிலரசி ஏமாந்தாள். ஊழியர் தள்ளுபடியில் அவள் பெயரிலேயே கார் வாங்கியதிலிருந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு இருவரும் வழி பார்ப்பார்கள். நாக்பூர், ஜபல்பூர், கோரக்பூர், அப்புறம் எல்லை. "நீதான் ஓட்டற. நான் பாட்டு போட்டுகினு, உனக்கு முறுக்கு ஊட்டிகினு வரேன்" என்று தன் வாயாலேயே சொன்னவன் அவன்.

அந்த வாய் சும்மா இருந்ததா? மாமாவிடம் போய் உளறிவிட்டது. டில்லிபாபு கம்பெனிகளுக்கு வேன் விடுகிறவர். வருஷம் தவறாமல் சபரிமலைக்கு வேன் எடுத்துப் போவார். அடுப்பு, அரிசி, பருப்பு, புளி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, வழியில் நல்ல மரத்தடியாகப் பார்த்துச் சமைத்துச் சாப்பிட்டால்தான் அவருக்கு அது பயணம். மலைக்குப் போகும்போது ஆம்பளைகளே வெங்காயம் நறுக்கி, ஆம்பளைகளே சாம்பார் வைத்து, ஆம்பளைகளே பாத்திரமும் கழுவுகிறார்கள். குடும்பத்துக் கார் என்றதும் மட்டும் எல்லோருக்கும் கை ஒடிந்துவிடுகிறது.

"பொம்பளைய நம்பி அவ்ளோ தூரமா? நானும் வரேன் மச்சான்" என்று அவர் பையைக் கட்டிவிட்டார். "மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம் எழிலு, உனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்று இனியவன் மழுப்பினான். அதையும் அவள் நம்பினாள்.

யார்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை வரிசையில் நிறுத்தியதும் சாவியை அதிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும். அடுத்து எடுப்பவர் தேடக் கூடாது. வீட்டிலும் எழிலரசிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. மகள் சுபஸ்ரீயை மணிமங்கலத்தில் அம்மா வீட்டில் விட்டாயிற்று. விடிந்ததும் வண்டியை வாசலுக்கு எடுத்து வந்தாள். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரம் காட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிவரத் திரும்பினாள். பூட்டிவிட்டு வந்து பார்த்தால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் டில்லிபாபு.

"நீ பின்னால ஒக்காரும்மா. டிக்கில எடம் இல்ல. அடுப்பு சாயாம பாத்துக்கோ."

அவள் இனியவனைப் பார்த்தாள். இனியவன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். வழியனுப்பத் தெருவே கூடி நின்றது. அத்தனை பேர் முன்னால் என்ன பேசுவது? ஏறிக்கொண்டாள். அவள் வைத்த பழத்தை அவர் நசுக்கிக்கொண்டு போனார்.

ஒரகடம் தாண்டியதும் கம்பெனி மதில் வந்தது. உள்ளே வெள்ளையும் சிவப்புமாக வண்டிகள் வரிசை கட்டி நின்றன. டில்லிபாபு கண்ணாடியில் அவளைப் பார்த்தார்.

"இங்கதானேம்மா உருட்டினு கீறே? யார்டுல உருட்டறது வேற, ஹைவேல ஓட்டறது வேற. இன்னா மச்சான்?"

மச்சான் சிரித்தான். சின்னச் சிரிப்புதான். எழிலரசி மதில் மறையும்வரை வெளியே பார்த்தாள். இதற்கு விமானத்திலேயே போயிருக்கலாம். அதையும் வேறு யாரோதான் ஓட்டுவார்கள். ஆனால் சாப்பாடு கைக்கு வரும், காலடியில் அடுப்பு இருக்காது.

ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் வண்டி நின்றது. டில்லிபாபு இன்ஜினை அணைக்கவில்லை. "உள்ள கேஸ் சிலிண்டர் கீது. வெயில் வேற ஏறுது. ஏசி ஓடட்டும்" என்றபடி இறங்கினார். "நீ எறங்காதம்மா, டீ இங்கயே வரும். திருவள்ளூர் தாண்டினதும் மரமா பாத்து நிறுத்தறேன், ஒரு உப்புமா கிண்டிடு. கடைல துன்னா எனக்கு ஒத்துக்காது."

இனியவன் கதவைச் சாத்துவதற்கு முன் குனிந்தான். "தொட்டுக்க தக்காளிச் சட்னி மட்டும் போதும் எழிலு. ரொம்ப இழுத்துப் போட்டுக்காத."

அன்பாகத்தான் சொன்னான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதிகாரம் பண்ணியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். நேபாளம் வரைக்கும் அவளுக்கு என்ன வேலை என்று முன்பே முடிவு செய்துவிட்டு, அதில் ஒரு சட்னி அளவுக்குக் கருணையும் காட்டுகிறான்.

ஆண்கள் இருவரும் கடைக்குள் போனதும் இறங்கினாள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் சிலிண்டர். அப்புறம் அரிசி மூட்டை, பாத்திரக் கூடை, கடைசியில் டில்லிபாபுவின் பை. வரிசை பிசகாமல் வைத்தாள், யார்டில் வண்டி நிறுத்துகிற அதே கை. பிறகு டிரைவர் சீட்டில் ஏறி, அதை முன்னால் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள்.

"எழிலு! இன்னா பண்ற நீ?" டில்லிபாபு ஓடிவந்தார்.

"மலைக்குப் போறப்ப நீங்களேதானே சமைக்கிறீங்கண்ணா?" என்றாள். அன்றைக்கு அவள் வாய் திறந்து பேசியது அப்போதுதான். "அடுப்பு அங்க கீது, மரமும் கீது. உப்புமா கிண்டித் துன்னுட்டு, ஷேர் ஆட்டோ புடிச்சி வூடு போய்ச் சேருங்க."

"டேய் மச்சான், உம் பொண்டாட்டி பேசறத கேட்டியா?"

மச்சான் இரண்டு கையிலும் டீ கிளாஸோடு நின்றான். "எழிலு, ரோட்ல வெச்சி இன்னா இது…"

"ரோட்ல போவத்தானே கெளம்புனோம்?" என்றாள் அவள். "ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து வழி பாத்தோமே. இவரு கிண்டல் பண்றாரு, நீங்க சிரிக்கிறீங்க. உங்களுக்கு முன்சீட்டு கெடையாது. அடுப்பு இருந்த எடம் காலியா கீது. வர்றதுன்னா அங்க ஏறுங்க."

இனியவன் மாமாவைப் பார்த்தான். அடுப்பைப் பார்த்தான். அவன் பார்த்து முடிக்கும்வரை எழிலரசி காத்திருக்கவில்லை. முதல் கியர் போட்டாள். வண்டி நகர்ந்தது. இனியவன் ஓடிப்போய் இரண்டு கிளாஸையும் அடுப்பின் மேல் வைத்துவிட்டு, திரும்பி ஓடிவந்து பின்கதவைத் திறந்து உள்ளே விழுந்தான். டில்லிபாபு என்னவோ கத்தினார். சத்தம் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டது.

மூன்றாவது கியர். நான்காவது. எதிரே ஏற்றுமதிக்கான கார்களைச் சுமந்துகொண்டு ஒரு டிரெய்லர் வந்து கடந்து போனது. ஸ்ரீபெரும்புதூர் பின்னால் போயிற்று. திருவள்ளூர் ரோட்டில் மரம் மரமாக வந்தது. எதற்கும் அவள் நிறுத்தவில்லை.

"எழிலு" என்று பின்னாலிருந்து மெல்லக் குரல் வந்தது. "பாட்டு போடட்டா?"

அவள் கிளட்சை மிதித்தாள். ஐந்தாவது கியர் போட்டாள். கோபம் இன்னும் இறங்கவில்லை, காத்மாண்டு வரைக்கும் கூடவே வரும்போலிருந்தது. வரட்டும். முன்சீட்டு காலியாகத்தானே இருந்தது.