யூதாஸுக்கு ஒரு சட்டை

பெரிய வியாழனன்று மக்டலின் அக்கா பழைய சட்டை ஒன்று கேட்டபோது நிஷாந்தினிக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை. உயிர்த்த ஞாயிறு பின்னேரம் கண்டக்குழிக் கடற்கரையில் எரிக்கும், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பொம்மைக்கு ஊரார் கொடுக்கும் உடுப்பைத்தான் போடுவார்கள். நீலக்கோடு போட்ட சட்டையொன்றை எடுத்துக் கொடுத்தாள்.

நிஷாந்தினி சிலாபத்துப் பெண், மானிடவியல் படித்தவள். ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் நாட்டில் பழம்பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் நூதனசாலை ஒன்று, தங்கள் ஊர்ச் சடங்குகளைப் போன்றவை வேறு எங்கெல்லாம் உயிரோடிருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தது. பாஸ்க் மலைக்கிராமங்களிலும் களியாட்டக் காலத்தில் வைக்கோல் மனிதனை ஊர்வலம் கொண்டுபோய் எரிப்பார்கள். இலங்கையில் நூதனசாலையின் ஆள் இவள்தான். போன வருடம் கோயில் பங்குச் சபையோடு விடாமல் கதைத்து, யூதாஸை எரிக்காமல் பெட்டியில் அடைத்து அங்கே அனுப்பிவைத்தாள். ஊரின் பெயர் வெளிநாட்டில் தெரியவரும் என்றதும் சபை ஓம் என்றது.

இந்த வருடம் நூதனசாலையிலிருந்து மைதே என்ற ஆய்வாளரும் கூட வந்திருந்தார்.

ஞாயிறு பின்னேரம் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் யூதாஸ் வந்திறங்கியது. தும்பும் கிழிந்த வலையும் அடைத்த உடம்பு. மேலே நீலக்கோட்டுச் சட்டை. நிஷாந்தினிக்கு இருப்பதைப் போலவே முகத்தில் கம்பியால் வளைத்த கண்ணாடி, கழுத்தில் அட்டைக் கமெரா. சனம் முதலில் பொம்மையைப் பார்த்தது, பிறகு நிஷாந்தினியைப் பார்த்தது, பிறகு சிரித்தது. அவளும் சிரிக்கத்தான் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

எரிக்கும் முன், யூதாஸே எழுதிவைத்ததுபோல ஒரு மரணசாசனம் வாசிப்பது வழக்கம். அந்த வருடத்துச் சண்டை சச்சரவெல்லாம் பெயரோடு வெளியே வரும். பெயர் வந்தவர்களும் சேர்ந்து சிரிக்க வேண்டும், எரிந்த பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. நிஷாந்தினி தன் ஆய்வில் இதை ஊர் நகைச்சுவை என்று ஒரு பந்தியில் முடித்திருந்தாள்.

வாசித்தது மக்டலின்.

"என்ட கமெராவ இந்தக் கடலுக்கு விட்டுட்டுப் போறன். எவ்வளவு வேணுமெண்டாலும் படம் பிடிக்கட்டும், ஒண்டையும் கொண்டுபோகாது. போன வருஷம் எரியாமக் கப்பலேறின சண்டைய, மக்டலினுட புருஷன் பஸ்தியானுக்கும் அவட தம்பி றொபிக்குமே திருப்பிக் குடுக்கிறன்."

இந்தமுறை சிரிப்பு அவ்வளவாக எழவில்லை. வாசித்து முடித்து வந்த மக்டலினிடம் நிஷாந்தினி மெதுவாகக் கேட்டாள்.

"என்னோட கோவமா அக்கா?"

"கோவமில்ல மிஸ். போன வருஷம் இவங்க ரெண்டு பேரும் கரைவலை இழுக்கிற இடத்துக்குச் சண்டை பிடிச்சாங்க. யூதாஸோட எரிஞ்சு போயிருக்கும். நீங்க கொண்டுபோயிட்டீங்க. அதுக்குப் பிறகு தம்பி என்ட வாசல் மிதிக்கல்ல. எங்கட அம்மாட செத்த வீட்டிலயும் ஆளுக்கொரு பக்கம் நிண்டாங்க."

"அப்பவே ஏன் சொல்லல்ல?"

"நீங்க கேட்டீங்க, சபை குடுத்திச்சு. எங்களிட்ட ஆரும் கேக்கல்ல."

அதற்குள் மைதே வேகமாக வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "ஆய்வாளரையே சடங்குக்குள் இழுத்துவிட்டார்கள். இதுதான் நமக்கு வேண்டியது. எரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்," என்றார் ஆங்கிலத்தில்.

"உங்கள் ஊரில் போய்க் கேட்டால் வைக்கோல் மனிதனைக் கொடுப்பார்களா?" என்று கேட்டாள் நிஷாந்தினி.

மைதே யோசித்தார். பொய் சொல்லும் ஆள் அல்ல. "மாட்டார்கள். என் மாமாவே என்னைத் துரத்திவிடுவார்."

"பிறகு ஏன் இங்கே கேட்டீர்கள்?"

"முடியும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்."

உண்மைதான். மக்டலின் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். மொழி விளங்காவிட்டாலும் விஷயம் விளங்கியிருந்தது.

"கொழுத்தச் சொல்லுங்க அக்கா," என்றாள் நிஷாந்தினி.

பஸ்தியான் ஒரு பக்கமும் றொபி மறுபக்கமும் நின்று மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கழுத்துப்பட்டியில்தான் முதலில் தீப்பிடித்தது. தன் சட்டை எரிவதைப் பார்க்க அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு சூடு தாங்காமல் எல்லோரோடும் சேர்ந்து பின்னால் நகர்ந்தாள். மைதே கமெராவை இறக்கிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கரையில் பஸ்தியானும் றொபியும் உரக்கக் கதைப்பது கேட்டது. கயிறு ஒழுங்காகக் கட்டவில்லை என்று மச்சானைத் திட்டினார் பஸ்தியான். கட்டத் தெரிந்தால் நீயே கட்டு என்றான் றொபி. மக்டலின் மூவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஊரார் கேட்டதன்பேரில், போன வருடத்து யூதாஸைத் திருப்பித் தரும்படி நிஷாந்தினி நூதனசாலையைக் கேட்டாள். பதிவு செய்த பொருளை விடுவிக்கச் சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டாள். அதோடு அந்தத் திட்டத்தில் அவளுக்கு வேலை தொடரவில்லை. மைதேயால் ஒன்று மட்டும் செய்ய முடிந்தது. 'மறைந்துவரும் வழக்கம்' என்றிருந்த வாசகத்தை யூதாஸை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு வேறு எழுதினார்: இது எரிக்கப்பட வேண்டியது, ஊரார் திருப்பிக் கேட்கிறார்கள்.