இரண்டெழுத்துக்கான இடம்

உபதேசியார் வேஷம் எனக்குத்தான் என்று கிங்ஸ்லி சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது. அறுபத்து மூன்று வயதில், தலையில் முடி இருந்த அடையாளமே இல்லாமல் போன பிறகு, என்னை யாரும் கதாநாயகனாகப் போடமாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அதை அவன் கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடித்துவிட்டாவது சொல்லியிருக்கலாம். நாடகக் குழு நடத்துகிறவன்தானே.

நாடகத்தின் பெயர் ‘தேவவரம்’. எங்கள் பாளையங்கோட்டையில் எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எழுதியது. பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் குழு அதைத் தூசி தட்டி எடுக்கும். ஒரு மிஷன் கிராமத்தில் கீர்த்தனை எழுதும் இரண்டு பேரின் கதை. தேவவரம் வண்டிக்காரன், குடிப்பான், ஊரெல்லாம் வம்பு வளர்ப்பான், வாயைத் திறந்தால் பாட்டாகக் கொட்டும். கோயிலில் பிரசங்கம் செய்கிற உபதேசியார் ஞானமுத்து ஒழுக்கமானவர். ராப்பகலாக உட்கார்ந்து எழுதுவார், ஒன்றும் விளங்காது. கீர்த்தனையின் கடைசி அடியில் எழுதியவன் தன் பெயரை வைப்பது வழக்கம். அதை முத்திரை என்பார்கள். தேவவரம் செத்த பிறகு உபதேசியார் அவன் பாட்டிலிருந்து முத்திரை அடியைக் கத்தரித்துப் போட்டுவிட்டு, தன் பெயரை எழுதி அச்சுக்கு அனுப்புகிறார். அத்தோடு திரை விழும்.

வாத்தியார் வசனம் எல்லாம் எழுதினாரே தவிர பாட்டு எழுதவில்லை. பாட்டு வரவேண்டிய இரண்டு இடத்திலும் ‘இங்கே பாட்டு’ என்று மட்டும் போட்டிருந்தார். இதுவரை ஏதோ பழைய கீர்த்தனைகளைப் பாடி ஒப்பேற்றினார்கள். இந்தத் தடவை புதிதாக வேண்டும் என்றான் கிங்ஸ்லி.

“அண்ணாச்சி, ரெண்டு பாட்டும் நீங்கதான் போட்டுத் தரணும். தேவவரத்துக்கு ஒண்ணு, உபதேசியாருக்கு ஒண்ணு. நோட்டீஸ்ல உங்க பேரு தனியா வரும்.”

அதற்குப் பிறகு நான் ஏன் ஆத்திரப்படப் போகிறேன்?

நாற்பது வருஷமாகக் கோயில் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். இருபத்தேழு பாட்டுக்கு மெட்டுப் போட்டிருக்கிறேன். பாடத்தான் செய்தார்கள். குழுத்தலைவன் நான் என்றால் பாடாமல் என்ன செய்வார்கள்? ஆர்மோனியத்தை மூடியதும் பாட்டும் மூடிக்கொள்ளும். வாசற்படி தாண்டி ஒரு ஆள் என் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போய் நான் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு இருந்த ஆசையெல்லாம் அது ஒன்றுதான். நான் கேட்டுக்கொள்ளாமல், நான் பக்கத்தில் இல்லாதபோது, யாராவது ஒரே ஒரு ஆள் என் மெட்டைத் தன்னை மறந்து பாடவேண்டும்.

தேவவரத்தின் பாட்டுக்கு நாலு மாதம் உழைத்தேன். ஆனந்தபைரவி. எதுகை பிசகாமல், தாளம் நழுவாமல், வேத வசனத்துக்கு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து வைத்தேன். உபதேசியாரின் பாட்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது மட்டமாக இருந்தால் போதும். மார்க்கெட் பக்கத்து மில்லில் மிளகாய் திரிக்கக் கொடுத்துவிட்டு, தும்மிக்கொண்டே வாசலில் நின்ற நேரத்தில் ஒரு மெட்டு வாய்க்கு வந்தது. ‘ஏழை கேட்கிறேன் திறவும்’ என்று கடைசி அடி தானாக வந்து விழுந்தது. ‘ஏழை’க்கும் ‘கேட்கிறேன்’ என்பதற்கும் நடுவில் முத்திரைக்கு ஒரு சந்து இருந்தது. பொடி திரித்து முடிவதற்குள் பாட்டும் முடிந்துவிட்டது. இரண்டையும் போனில் பாடி, ஒன்றாம் பாட்டு, இரண்டாம் பாட்டு என்று சொல்லி, கிங்ஸ்லிக்கு அனுப்பிவிட்டேன். முத்திரைப் பெயரைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டிலும் விட்டிருந்தேன், எது யாருக்கு என்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

மறுநாள் ஒத்திகைக்குப் போனால் கிங்ஸ்லி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாச்சி, உபதேசியாருக்கு ஒரு பாட்டு போட்டியள பாருங்க, அந்த ஒன்னாம் பாட்டு! சரக்கே இல்லாத ஒரு மனுசன் உசுரக் குடுத்து எழுதுனா எப்படி இருக்கும்? அச்சு அசல் அப்படியே இருக்கு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்.”

“அப்போ ரெண்டாம் பாட்டு?” என்று கேட்டேன்.

“அது தேவவரத்துக்கு. வேற யாருக்கு? அத எப்படிப் போட்டிய? ராத்திரி நான் தூங்கல, தெரியுமா?”

நாலு மாதத்தை அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன். தெற்கு பஜார் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. அடேயப்பா! இரண்டாம் பாட்டும் என் பாட்டுதானே? அப்படியானால் என்னிடம் அது இருந்திருக்கிறது. இத்தனை வருஷமாக இலக்கணம் இலக்கணம் என்று நான்தான் அதன் கழுத்தை நெரித்துவைத்திருக்கிறேன். வீட்டுப் படி ஏறும்போது என் வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

என் மனைவி சாலோமி முன்னறையில் அவள் தம்பி படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எபி செத்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. சனிக்கிழமை தவறாமல் அந்தப் படத்துக்குத் துடைப்பு உண்டு. நான் ஆர்மோனியத்தை இழுத்து வைத்து, “ஏட்டி, இதக் கேளு” என்று இரண்டாம் பாட்டை முழுதாகப் பாடினேன். என் பாட்டு எதற்கும் ஒரு நக்கல் சொல்லாமல் விடாதவள், அன்றைக்குத் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு” என்றாள். “நீங்களா போட்டிய?”

“பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா போட்டான்?”

அவள் துணியை உதறிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு ஆளே மாறிப்போனாள். சண்டை இல்லை, சாடை இல்லை. கேட்காமலே சாளைமீன் போட்டுப் புளிமுளம் குழம்பு வைத்தாள். ஒத்திகைக்குப் புறப்பட்டால் சட்டையைத் தேய்த்துக் கையில் கொடுத்தாள். கலைஞனுக்குத் தரவேண்டிய மரியாதை வீட்டிலேயே ஆரம்பித்துவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன். முட்டாள்.

ஒருநாள் பகலில் சீக்கிரம் திரும்பிவிட்டேன். அடுப்படியில் சாலோமி மீன் உரசிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். என் மெட்டு. நான் வந்தது அவளுக்குத் தெரியாது. கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் டக்கென்று நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளும் அழுதிருந்தாள். ஆண்டவரே, எனக்கு இது போதும் என்று மனதுக்குள் சொன்னேன்.

தேவவரமாக நடிக்க வந்தவன் மேலப்பாளையத்துப் பையன் அப்ரார். போன் கடை வைத்திருக்கிறான், குரல் அப்படி ஒரு குரல். ஆனால் பாட்டில் ஒரே ஒரு இடத்தில் அவன் தினமும் இடறினான். ‘ஏழை தேவவரம் கேட்கிறேன் திறவும்’ என்ற அந்தக் கடைசி அடியில்.

“அண்ணாச்சி, இந்த எடத்துல மூச்சு முட்டுது. தேவவரம்னு அஞ்சு எழுத்து இங்கன எப்படிக் கொள்ளும்? மெட்டுல ரெண்டெழுத்துப் பேருக்குத்தான் எடம் இருக்கு.”

“நாடகத்துக்குப் பேரே அதான லே! ஒனக்காகப் பேர மாத்தவா முடியும்? முக்கிப் பாடு” என்று எரிந்து விழுந்தேன். நானே வீட்டில் பாடிப் பார்த்தேன். எனக்கும் இடறத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, பள்ளிக்கூட ஹாலில் நாடகம். நோட்டீஸில் ‘பாடல், மெட்டு: பா. அப்பாத்துரை’ என்று போட்டிருந்தது. சாலோமி மூன்றாவது வரிசையில், மாங்காய்ப் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள்.

என் ஒன்றாம் பாட்டை நானே பாடினேன். இரண்டாவது அடியிலேயே ஹால் சிரிக்க ஆரம்பித்தது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும், அடுத்தது வருகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்.

அடுத்தது அப்ரார். நான் மேடை ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுப் பொறாமைப்பட வேண்டும். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசி அடி வந்தது. அந்தப் படுபாவி, இடறிவிடுவோமோ என்று பயந்து, பெயரையே விட்டுவிட்டான். “ஏழை” என்றான். இரண்டு தட்டு தாளத்துக்கு வாயை மூடிக்கொண்டு நின்றான். பிறகு “கேட்கிறேன் திறவும்” என்றான்.

அந்த இரண்டு தட்டில் நான் சாலோமியைப் பார்த்துவிட்டேன். அவள் உதடு அசைந்தது. இரண்டே எழுத்து. எபி.

‘ஏழை எபி கேட்கிறேன் திறவும்.’

அப்போது சீவலப்பேரிக் கோயிலில், ஊருக்கே சோறு போடும் அசனப் பண்டிகை. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். சாப்பாடு முடிந்து பந்தியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். எபி இந்தப் பாட்டைப் பாடினான், ஆர்மோனியம் வாசித்தது நான்தான். ஜனம் எழுந்து போகாமல் மூன்று தடவை பாடச் சொன்னது. திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டான், “அத்தான், நம்ம குழுவுல இத எடுத்துக்கிடுவியளா?” என்று. நான் சொன்ன பதில் ஒரு எழுத்து மாறாமல் மேடையில் என் காதில் விழுந்தது. “முத்திரைன்னா முழுப்பேரு வைக்கணும்லே. எபிநேசர்னு வச்சிக் கொண்டா. எபியாம் எபி, நாய்க்குட்டியக் கூப்பிடுத மாதிரி.” அவன் சிரித்தான். “எபிநேசர்னு வச்சா மெட்டு தாங்காது அத்தான்.” நான் எடுக்கவில்லை. பொறாமை என்று அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன், பொறாமைதான். இரண்டு வருஷத்தில் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். அந்தப் பாட்டை அதற்குப் பிறகு ஒருவரும் பாடவில்லை. நானும் மறந்துவிட்டேன் என்றுதான் இருந்தேன்.

அடுத்த காட்சியில் என் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். தாளை விரித்து, கடைசி அடியைக் கத்தரிக்க வேண்டும். வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. இரண்டு தடவை தாளைக் கீழே போட்டேன். வெட்டி முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டேன். அது நாடகத்தில் கிடையாது. திரை விழுந்தும் கைதட்டல் நிற்கவில்லை.

“அண்ணாச்சி, நீங்க நடிகன்! கொன்னுட்டிய!” என்று கிங்ஸ்லி கட்டிப்பிடித்தான். “அந்தப் பாட்ட எல்லாக் கோயிலுக்கும் அனுப்பப் போறேன். உங்க பேரோட.”

நான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள் கை கொடுத்தார்கள். மூடிக்கொண்டேன்.

நானும் சாலோமியும் ஆட்டோவில் மார்க்கெட்டைத் தாண்டினோம். வெளிச்சம் இன்னும் இருந்தது.

“ஒனக்கு மொதல்லயே தெரியும்” என்றேன்.

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் வந்தேன். நாப்பது வருசத்துல ஒங்கள அப்படி சந்தோசமாப் பாத்ததில்ல. அன்னைக்குப் படியேறும்போது சிரிச்சிக்கிட்டே வந்தியளே. எப்படிச் சொல்ல?”

“அடுப்படியில பாடினியே…”

“எபி பாட்டத்தான் பாடினேன்” என்றாள். “எனக்கு மெட்டு பாதி மறந்துபோயிருந்தது. நீங்க பாடவும் முழுசாத் திரும்பி வந்துது.”

“நாளைக்குக் கிங்ஸ்லிகிட்ட சொல்லிருதேன்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தாலும் தாங்கியிருப்பேன். “சரி” என்றாள். நான் சொல்லமாட்டேன் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முப்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு வரி இடம் தராதவன், இப்போது இத்தனை பேர் கை கொடுத்த பிறகா தந்துவிடப் போகிறேன்?

வீட்டுத் தெரு திரும்பும்போது எனக்குப் புதிதாக ஒரு பயம் வந்தது. ஆட்டோக்காரன் காதில் விழாதபடி பைய கேட்டேன்.

“ஏட்டி, அந்த ஒன்னாம் பாட்டு. எல்லாரும் சிரிச்சாங்களே, அது. அதுவும் யாருதாவது பழைய மெட்டா இருக்குமோ?”

“சேச்சே” என்று சாலோமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். “அது ஒங்களுதுதான். கேட்ட ஒடனே தெரியுதே.”