இரண்டாம் முறை அடித்த மணி

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை என்பதே கிடையாது. முன்னால் நிற்கிற வண்டி ஏன் நிற்கிறது என்று இறங்கி வந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஹாரனை அழுத்துவார்கள். இரும்பு உருக்காலையின் வாசலில், பழைய இரும்பு ஏற்றிய லாரிக்குள் இருந்தபடி கிழட்டு ஓட்டுநர் இப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஏழு வண்டிகள். ஏழும் அலறின.

வாசலின் இரு பக்கமும் இரண்டு உயரமான தூண்கள். நடுவே போகும் வண்டியில் கதிர்வீச்சு இருந்தால் மணி அடிக்கும். லாரியின் மூக்கு நுழைந்ததுமே அடித்தது.

"என்ன பெரிசு, அணுகுண்டா ஏத்திட்டு வந்திருக்கே?" என்றான் காவலாளி.

"ஆமா, உன் தலையில போடத்தான்."

பெரியவர் ஒரு சீட்டை நீட்டினார். முந்தின நாள் ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுக்கக் கதிர்வீச்சு மருந்தை ஊசியாகப் போட்டிருந்தார்கள். இரண்டு நாளைக்கு இப்படிப்பட்ட கருவி அவரைப் பார்த்தால் மணி அடிக்கும் என்று டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தார். காவலாளி படித்துவிட்டுச் சிரித்தான்.

"அட, மணி உனக்குத்தானா! போ, போ."

அதிகாலையிலிருந்து அடக்கி வைத்திருந்த பெரியவர், முதலில் சுவரோரக் கழிவறைக்கு ஓடினார். ஐம்பதடி தூரம் இருக்கும். ஹாரன் சத்தம் பொறுக்காமல் காவலாளியே ஏறி லாரியைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினான். மணி மறுபடியும் அடித்தது. பெரியவர் திரும்பி வருவதற்குள் பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்துவிட்டான்.

"இப்ப ஏன் அடிச்சுது?"

"உனக்குத்தான். அதான் சீட்டு இருக்கே."

"நான் அங்க இருந்தேன். ஊசி எனக்குப் போட்டாங்களா, லாரிக்குப் போட்டாங்களா?"

"நீ உட்கார்ந்த இடத்துல ஒட்டியிருக்கும். வண்டிய எடுப்பா, உசுர வாங்காத."

எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். ஆனால் உள்ளே உலையின் வாயில் நிற்பது அவருடைய ஒரே மகன். கதிர்வீச்சுப் பொருள் ஏதாவது உலையில் விழுந்து உருகினால், புகையாகிப் பக்கத்தில் நிற்கிறவன் மூச்சிலேயே போகும் என்று அவன் ஒருமுறை சொன்னபோது, "எல்லாம் சம்பளம் வாங்கறதுக்கு அதிகாரிங்க கிளப்பற பூச்சாண்டி" என்று அவர் சிரித்திருந்தார். இன்று சிரிப்பு வரவில்லை.

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாரிப் படியில் உட்கார்ந்தார். மேலாளர் வந்து கத்தினார். பலிக்கவில்லை. கடைசியில் உலையிலிருந்து மகனைக் கூட்டி வந்தார்கள்.

"அப்பா, எல்லாரும் பார்க்கறாங்க. என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதப்பா."

"வேலை போனா வேற வேலை தேடிக்கலாம். நுரையீரலுக்கு எங்கடா போவே?"

"இன்னைக்கு என்ன திடீர்னு மெஷின் மேல நம்பிக்கை?"

"மெஷினையும் நம்பல, இவனையும் நம்பல. தெரிஞ்சவங்க யாராவது வந்து அளக்கட்டும்."

மேலாளர் வேறு வழியில்லாமல் போன் செய்தார். இரண்டு மணி நேரம் கழித்து அரசாங்கக் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி ஆட்களோடு வந்தாள். முதலில் பெரியவரைத் தள்ளி நிற்க வைத்து, கையடக்கக் கருவியை அவர் மார்புக்கு நேராகப் பிடித்தாள்.

"ஐயா, உங்ககிட்ட இருக்கறது ஆஸ்பத்திரி மருந்துதான். தானா போயிடும்."

பிறகு லாரியின் பின்பக்கம் போனாள். முகம் மாறியது.

"எல்லாரும் தூரமா போங்க! இது வேற."

பாதுகாப்பு உடை அணிந்த ஆட்கள் துருப்பிடித்த குழாய்களுக்கு அடியிலிருந்து, தடித்த இரும்புக் கூடு ஒன்றை நீண்ட இடுக்கியால் எடுத்தார்கள். அதற்குள் இருந்தது, ஏதோ ஒரு தொழிற்சாலையில் தகட்டின் கனத்தை அளக்கும் கருவிக்கான கதிர்வீச்சுப் பொருள். கூட்டின் மேல் பொறித்திருந்த எண்ணை யாரோ சுரண்டியிருந்தார்கள்.

"எண்ணைச் சுரண்டிட்டா யாருதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்றார் பெரியவர், தூரத்திலிருந்தே.

"உள்ள இருக்கற பொருளுக்குன்னு ஒரு கைரேகை இருக்குங்க. எப்ப செஞ்சது, எங்க செஞ்சதுன்னு அதுவே காட்டிக் கொடுக்கும். திருட்டுப் போச்சா, தூக்கி எறிஞ்சாங்களான்னு அங்கிருந்து பிடிச்சிடுவோம்."

காவலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. அவனையும் மேலாளரையும் பார்த்து அதிகாரி சொன்னாள்: "மணி அடிச்சா ஒரு காரணம் கிடைச்சதும் விட்டுடறோம். ஒரு காரணம் கிடைச்சுட்டா ஆபத்து போயிடாது. அதுக்குப் பின்னால இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கலாம். அவசரப்பட்டு அடக்கற ஒவ்வொரு மணியும் உள்ள வேலை செய்யறவங்க உயிர். சந்தேகம் முழுசா தீர்ற வரைக்கும் யாரையும், எதையும் உள்ள விடாதீங்க."

"இனிமே ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவேன் மேடம்," என்றான் காவலாளி. மேலாளரும் வேகமாகத் தலையாட்டினார்.

மகன் அப்பாவின் கையைப் பிடித்தான். "கேட்டியாப்பா? இனிமே பயமில்ல."

"சொன்னாங்கடா, கேட்டேன். ஒரு வாரம் செய்வாங்க. அதுக்கப்புறம் செய்யறாங்களான்னு நீதான் கண்ணு வெச்சுக்கணும்."

கையை விடுவித்துக்கொண்டு, சோதனைக்கு நிற்கும் லாரியின் சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு, பெரியவர் பெரிய சாலைப் பக்கம் நடந்தார். பின்னால் காவலாளி இன்னும் சத்தியம் செய்துகொண்டிருந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.