முதல் கியர்

ராஜா, மெக்கானிக் மணியின் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, பிக்கப்பின் பானெட்டில் அவர் முகத்தை மோதினான். இரண்டாவது முறை மோதியதில் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. துக்கத்துக்கு மாலையோடு வந்த மனுஷன். மாலை காலடியில் மிதிபட்டுக் கிடந்தது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"நாலு நாளைக்கு முன்னாடி நீதானடா கியர் பாக்ஸப் பிரிச்ச? எங்கப்பன செவுத்தோட வெச்சு நசுக்கிடுச்சேடா உன் வேல."

தங்கை கவியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனைத் தடுக்கவில்லை. இன்னும் அடி என்றுதான் அவள் மனசு சொன்னது. கியர் பாக்ஸ் கெட்டிருந்தால் அப்பா செத்தது மணியால். கெடவில்லையென்றால் அவளால்.

அது வேறு யாருக்கும் தெரியாது. நேற்று காலை பௌர்ணமிக் கூட்டத்துக்குத் தண்ணீர் கேன் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, அப்பா பலராமன் அடி அண்ணாமலை முக்கில் டீக்கு இறங்கிக்கொண்டார். "நீயே கொண்டு போய் வுடு, நான் பின்னால வரேன்" என்றார். கால் எட்டுவதற்காகச் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் ஓட்டிவந்தாள். ஆறு மாதமாக ராஜாவுக்குத் தெரியாமல் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தெரிந்தால் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு ஸ்டியரிங் என்று சென்னையிலிருந்து சண்டைக்கு வந்துவிடுவான்.

எழுபத்தைந்தாம் வருஷத்து வண்டி. ஹேண்ட்பிரேக் செத்துப் பல வருஷமாகிறது. வீட்டுக்கு முன்னால் சரிவு. அதனால் முதல் கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். கியர் கம்பியைத் தள்ளினால் மட்டும் போதாது. டக்கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். நேற்று கிரிவலப் பாதையில் மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. அவள் தள்ளினாள், கல்லை வைத்தாள், உள்ளே போனாள். அந்தச் சத்தம் கேட்டதா என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். கால் மணி நேரம் கழித்து அப்பா வந்து, அடுத்த நடைக்குக் கிளம்ப வண்டிக்கும் பின்னாலிருந்த சுவருக்கும் நடுவில் குனிந்து கல்லை எடுத்தார்.

"கியர் தானா கழண்டுச்சா, இல்ல வுழவே இல்லையான்னு பாத்தா தெரிஞ்சிடும் தம்பி." மணி ரத்தத்தைத் துப்பினார். "பாத்துட்டு அடி. என் தப்புன்னா நானே படுத்துக்கிறேன், என் மேலயே ஏத்திடு."

"வுடுடா, பாக்கட்டும்" என்றார் பெரியப்பா அருணகிரி.

அப்பாவை வெளியே எடுக்க வண்டியை முன்னால் தள்ளிக் கல் வைத்ததோடு சரி, உள்ளே யாரும் ஏறவில்லை. மணி கதவைத் திறந்து ஏறினார். அவர் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அப்படியே நின்றுவிட்டார். பலராமன் ஆறடி. கண்ணாடி வழியாக மணியின் பார்வை வாசலுக்கு வந்து, கவியாவின் முகத்தில் நின்றது.

மணி குனிந்தார். சீட்டுக்கு அடியில் கைவிட்டு எதையோ இழுத்தார். சீட் கரகரவென்று கடைசிவரை பின்னால் போனது.

பிறகு கியர் போட்டார். டக்.

கல்லை எடுத்தார்கள். ஆறு பேர் முன்னாலிருந்து மூச்சுப்பிடித்துத் தள்ளியும் வண்டி அசையவில்லை. கல்லைத் திரும்ப வைத்துவிட்டு, மணி கம்பியைப் பாதிவரை மட்டும் தள்ளினார்.

"பாக்கறதுக்குக் கியர்ல இருக்கற மாதிரியே இருக்கும். இப்ப எடுங்க."

எடுத்ததும் வண்டி தானாகவே உருண்டது. இரண்டு பேர் ஓடிப்போய்க் கல்லைச் செருகினார்கள்.

"அப்ப, சரியா போடலையா?" ராஜாவின் குரல் தேய்ந்தது.

"பலராமன்தானே ஓட்டிட்டு வந்தான்" என்றார் பெரியப்பா.

மணி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கவியாவின் பக்கம் அவர் திரும்பவில்லை.

"அவர்தாங்க. மைக் செட் சத்தத்துல கேட்டிருக்காது."

ராஜா பந்தலுக்குள் ஓடி, ஐஸ் பெட்டியின் கண்ணாடியை முஷ்டியால் குத்தினான். "முப்பது வருஷம் ஓட்டுனியேய்யா. ஒரு கியர் ஒழுங்கா போடத் தெரியாதா உனக்கு? கேக்கறேன் இல்ல, சொல்லுய்யா." மூன்றாவது குத்தில் கண்ணாடி விரிசல் விட்டது. கை கிழிந்து ரத்தம் அப்பாவின் முகத்துக்கு நேராகக் கண்ணாடிமேல் வழிந்தது. நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கினார்கள். அவன் கெட்ட வார்த்தையில் அப்பாவைத் திட்டிக்கொண்டே அழுதான்.

'நான்தான்' என்று சொல்லக் கவியா வாயைத் திறந்தாள். அம்மா உண்ணாமலை அவள் தோளில் சாய்ந்து, "உங்கப்பன் இப்படிப் பண்ணிட்டாரேடி" என்றாள். கவியா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு எடுத்தார்கள். ஒரு பக்கம் தோள் கொடுக்க ஆள் குறைந்தது. மூக்கில் பஞ்சோடு மணி போய்ப் பிடித்தார். ராஜா கட்டுப் போட்ட கையில் தீச்சட்டி ஏந்தி முன்னால் நடந்தான்.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். வாசலில் ஓடிய தண்ணீர் பிக்கப்பின் சக்கரத்துக்கடியில் போயிற்று. கவியா கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இடது காலை நீட்டினாள்.

கிளட்ச் எட்டவில்லை.